ஹாலில் ஃபயர்பிளேஸ் இருந்தால் டிவியை எங்கே வைப்பது?

குளிர் நாட்டில் புது வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே டிவி வாங்கிவிடுகிறோம். சோபா அப்புறம் வருகிறது. ஹாலில் ஃபயர்பிளேஸ், அதாவது தீ மூட்டிக் குளிர்காயும் கணப்பு, என்று ஒன்று இருப்பதைக் குளிர் தொடங்கும்போதுதான் கவனிக்கிறோம். பழக்கமில்லாத கண்ணுக்கு அது சுவரில் ஒரு குழி, மேலே ஒரு பலகை, அதற்கும் மேலே வெறும் சுவர். அந்த வெறும் சுவர் டிவிக்கென்றே விட்டுவைத்த இடம் போலத் தெரியும். நாங்களும் அங்கேதான் மாட்டினோம். இரண்டே மாதத்தில் வீட்டில் எல்லோருக்கும் கழுத்துவலி. கழற்றி இறக்கி, ஓட்டைகளைப் பூசி, பெயின்ட் அடிக்க ஒரு வாரம் போனது.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வரிசையை மாற்றுங்கள் என்பதுதான். ஃபயர்பிளேஸை நகர்த்த முடியாது. கதவையும் ஜன்னலையும் நகர்த்த முடியாது. அவற்றைப் பார்த்து உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள். டிவி கடைசியில் வரட்டும்.

முதலில், அது உயிரோடு இருக்கும் ஃபயர்பிளேஸா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பல பழைய வீடுகளில் புகைபோக்கியை எப்போதோ அடைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், தீ மூட்டக் கூடாது. விறகு எரிப்பது என்றால் புகைபோக்கியை எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். உள்ளே படியும் கரியும் பிசினும் தீப்பிடிக்கக்கூடியவை. வருடத்துக்கு ஒரு முறையாவது ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். புகை போகும் வழியைத் திறந்து மூட டாம்பர் என்ற தகடு இருக்கும். தீ மூட்டும் முன் அது திறந்திருக்க வேண்டும். தணல் முழுவதும் ஆறிய பிறகுதான் மூட வேண்டும். அதன் பிறகும் மூடாமல் விட்டால் ஹீட்டர் தரும் சூடெல்லாம் அந்த வழியாகவே வெளியே போய்விடும். கேஸில் எரிவது என்றால் முன்பக்கக் கண்ணாடியில்தான் கவனம் வேண்டும். அது 200 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும், அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இறங்காது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தடுப்புக் கம்பிவலை இல்லாமல் அதைப் போடவே கூடாது. மின்சாரத்தில் ஓடுவது சுலபம். ஆனால் 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும் என்பதால் சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம்.

விறகோ கேஸோ, எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். புகை அலாரம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அது வேறு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவோம். ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு தூங்கும் வீட்டில் அது உயிரைப் பறித்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து செலவைப் பார்க்காதீர்கள். சோபாவுக்கு முன்னால் அலாரம் வாங்குங்கள்.

இனி டிவியின் உயரம். சோபாவில் உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அதே உயரத்தில் வந்தால் கழுத்துக்கு வேலையே இல்லை. ஃபயர்பிளேஸின் மேற்பலகை 135 செ.மீ.யில் இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு மேல் 10 செ.மீ. விட்டு 55 அங்குல டிவியை மாட்டினால் திரையின் நடு 180 செ.மீ.க்குப் போய்விடும். கண்ணுக்கு மேலே முக்கால் மீட்டர்! ஐந்து நிமிடச் செய்திக்குப் பரவாயில்லை, முழுப் படத்துக்குத் தாங்காது.

சூடும் ஒரு பிரச்சினை. பெரும்பாலான டிவிகளின் கையேட்டில், சுற்றியுள்ள காற்று 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கும். வேறு இடமே இல்லை, மேலேதான் மாட்டியாக வேண்டும் என்றால், டிவி வரப்போகும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டி, இரண்டு மணி நேரம் தீயை எரியவிட்டுப் பாருங்கள். 40ஐத் தொட்டால் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். ஃபயர்பிளேஸை ஏற்றவே போவதில்லை என்றால் மிஞ்சுவது உயரம்தான். கீழே இழுத்து இறக்கக்கூடிய ஸ்டாண்ட் கிடைக்கிறது, அது ஓரளவு உதவும்.

எங்கள் வீட்டில் கடைசியில் சரிப்பட்டது பக்கத்துச் சுவர். ஃபயர்பிளேஸ் ஒரு சுவரில், அதற்குச் செங்கோணமாக இருக்கும் சுவரில் டிவி. சோபா டிவியைப் பார்த்து. ஒற்றை நாற்காலிகள் இரண்டு, கணப்பை நோக்கிக் கொஞ்சம் சாய்வாக. படம் பார்க்கிறவர் படம் பார்க்கலாம், குளிர் காய்கிறவர் குளிர் காயலாம், பேசுகிறவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். சுழலும் நாற்காலி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. புகைபோக்கிச் சுவர் முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் அதன் இரு பக்கமும் மாடம் போல இடம் இருக்கும். டிவி சின்னதென்றால் அங்கே தாழ்வான மேசையில் வைக்கலாம். கணப்புக்கு நேர் எதிரே மட்டும் வைக்க வேண்டாம். தீயின் ஒளி முழுக்கத் திரையில் ஆடும். ஜன்னலுக்கு எதிரேயும் அப்படித்தான்.

எவ்வளவு பெரிய டிவி என்பதை உட்காரும் தூரம் சொல்லட்டும். திரையின் மூலைவிட்ட அளவைப்போல் 1.2 முதல் 1.6 மடங்கு வரை தள்ளி உட்கார்ந்தால் வசதி. 55 அங்குலத்துக்கு 1.7 முதல் 2.2 மீட்டர், 65 அங்குலத்துக்கு 2 முதல் 2.6 மீட்டர்.

தீ இருக்கும் பக்கம் சோபா, திரைச்சீலை, புத்தகம் எதுவும் ஒரு மீட்டருக்குள் வரக் கூடாது. குளிர்காலத்தில் துணி காயவில்லையே என்று துணி ஸ்டாண்டைக் கணப்பின் முன்னால் நகர்த்தத் தோன்றும். செய்யாதீர்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சுவரோரம் இருந்தால், அதை ஒட்டிச் சோபாவைப் போட்டால் சூடு சோபாவின் முதுகோடு நின்றுவிடும், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நடக்கும் வழிக்கு 80 செ.மீ. விடுங்கள்.

வாடகை வீடென்றால் சுவரில் துளையிடும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தட்டினால் பொத்தென்று கேட்கும் ஜிப்சம் பலகைச் சுவர் டிவியின் எடையைத் தனியாகத் தாங்காது. பின்னால் இருக்கும் மரச்சட்டத்தில் திருகு இறங்க வேண்டும். புகைபோக்கிச் சுவரில் கேஸ் குழாயோ வயரோ எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் டிரில்லைத் தொடவே வேண்டாம். துளையே வேண்டாம் என்று மேசையில் வைக்கிறீர்களா, குழந்தை பிடித்து இழுத்தால் சாயாதபடி டிவியைப் பட்டை போட்டு மேசையோடு கட்டுங்கள்.

எதையும் வாங்கும் முன், செய்தித்தாளைச் சோபா அளவுக்கும் நாற்காலி அளவுக்கும் வெட்டித் தரையில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். டிவி அளவுக்கும் ஒரு தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, எதிரே தரையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். கழுத்து நிமிர வேண்டியிருந்தால் தாளை இறக்கி ஒட்டுங்கள்.