நரிக்கும் மானுக்கும் ஒரே துவக்கு: போல்ட் ரைபிள் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்ந்து, பிறகு மெல்பேர்ணிலோ ரொறன்ரோவிலோ லண்டனிலோ குடியேறி, அந்த நாட்டு உரிமத்தோடு முதல் வேட்டைத் துவக்காகப் போல்ட் ரைபிள் (ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் கையால் போல்ட்டை இழுத்து அடுத்த ரவையை ஏற்றும் துவக்கு) வாங்கப் போகிறவர்களுக்கான குறிப்புகள் இவை. இலங்கைக்குள் இவற்றுக்கு வேலை இல்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இங்கே மானையும் மரையையும் சுடுவது குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பமும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நிலைமை வேறு. அவுஸ்திரேலியாவில் நரியும் மானும், நியூசிலாந்தில் மானும் வெளியிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகியவை. 1875இல் நியூசிலாந்தில் விடப்பட்ட மரைகள் இலங்கையிலிருந்து போனவைதான்.

ஒரு துவக்கால் நரியையும் மானையும் சுட நினைப்பதில் பிழையில்லை. ஆனால் இரண்டும் துவக்கிடம் கேட்பது ஒன்றல்ல. செந்நரியின் உயிர்நிலை மூன்று, நான்கு அங்குல அகலம்தான், அதனால் அது துல்லியத்தைக் கேட்கிறது. புள்ளிமான் அளவு விலங்கின் உயிர்நிலை ஆறு முதல் எட்டு அங்குலம் வரை இருக்கும். அங்கே துல்லியம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. தோள் எலும்பைத் தாண்டி நெஞ்சுக்குள் ஆழமாகப் போக வேண்டும், அதுதான் முக்கியம். இந்த வேறுபாட்டை மறந்து வாங்குவதிலிருந்தே கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

கலிபரை முதலில் முடிவு செய்வது

கடைக்குப் போகும்போதே ஒரு கலிபரின் (குழல் விட்டத்தையும் அதற்குரிய ரவையையும் குறிப்பது) பெயர் மனத்தில் இருக்கும். மச்சான் வைத்திருப்பது, காணொளியில் பார்த்தது, இப்படி ஏதாவது ஒன்று. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சுடப்போகும் இடத்தின் சட்டம். இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் மான்கள் சட்டப்படி பெரிய மான் இனங்களுக்குக் குழல் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குழல் வாயில் ஆற்றல் 1,700 அடி-இறாத்தலுக்குக் குறையக் கூடாது. ஆகவே நரிக்கு அருமையான .223 ரெமிங்டன் அங்கே பெரிய இனமான பலோ மானுக்குச் சட்டவிரோதம். அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் 2012 விதிகள் புள்ளிமானுக்கும் பலோ மானுக்கும் .243 அங்குலமும் 80 கிறெய்ன் (எடை அலகு) சன்னமும் (குழலிலிருந்து பறந்து போகும் குண்டு), மரைக்கு .270 அங்குலமும் 130 கிறெய்ன் சன்னமும் குறைந்தபட்சம் என்றன. 6.5 கிறீட்மோர் சன்னத்தின் விட்டம் .264 அங்குலம். அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்குதான் குறைவு, ஆனாலும் அந்த விதியின்படி மரைக்கு அது செல்லாது. இத்தகைய விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. பணம் கட்டும் வாரத்தில் நடைமுறையில் இருக்கும் விதியை வாசித்துவிட்டே கடைக்குப் போங்கள். உரிமத்தின் வகையும் அப்படித்தான்: அவுஸ்திரேலியாவில் சென்டர்பயர் (ரவையின் அடி நடுவில் ஊசி தட்டும்) போல்ட் ரைபிளுக்கு பி வகை உரிமம் வேண்டும், .22 ரிம்பயருக்கு (விளிம்பில் தட்டும்) எடுத்த ஏ வகை போதாது.

மரையை நடுத்தர விலங்கு என்று எண்ணுவதும் இதோடு சேர்ந்த தவறு. ஹோட்டன் சமவெளியில் வாகனத் தரிப்பிடத்துக்கு அருகே வந்து நிற்கும் ஆண் மரையைப் பார்த்தவர்களுக்கு அதன் உடம்பு எவ்வளவு பெரிது என்று தெரியும். வில்பத்துவில் பார்க்கும் புள்ளிமானோடு அதை ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. மரைதான் உங்கள் முதன்மையான இலக்கு என்றால் நரித் துவக்கு என்ற எண்ணத்தை விட்டுவிட்டு .308 அல்லது .30-06 பக்கம் போவதே நேர்மை.

நரி, கொயோட்டி (வட அமெரிக்காவின் ஓநாய் வகை), காட்டு ஆடு, புள்ளிமான், பலோ மான், நடுத்தரக் காட்டுப்பன்றி என்றால் எங்கள் முதல் தெரிவு .243 வின்செஸ்டர். 1955இல் வந்த இந்த ரவை (கோது, மருந்து, சன்னம் எல்லாம் சேர்ந்தது) 58 கிறெய்ன் முதல் 100 கிறெய்ன் வரையான சன்னங்களோடு கிடைக்கிறது. உதையும் குறைவு: ஏழரை இறாத்தல் எடையுள்ள ரைபிளில் ஏறக்குறைய பத்து அடி-இறாத்தல். அதே எடையில் .308 பதினேழு அளவில் உதைக்கும், .300 வின்செஸ்டர் மெக்னம் இருபத்தைந்தைத் தாண்டும். மெக்னம் வாங்கியவர் பத்தாவது வேட்டு முடியுமுன் கண்ணை மூடத் தொடங்குவார். அதற்குப் பிறகு எந்த ஆற்றலும் உதவாது. இதைச் சோதிக்க எளிய வழி: சுடுதிடலில் கூட இருப்பவர் உங்களுக்குத் தெரியாமல் இடையிடையே ஒரு போலி ரவையை ஏற்றட்டும். விசையை இழுக்கும்போது குழல் கீழே குத்தினால் நீங்கள் உதைக்குப் பயப்படுகிறீர்கள்.

சுருள் வீதத்தைப் பாராமல் வாங்குவது

விற்பனையாளர் பெரும்பாலும் சொல்லாதது இது. குழலின் உட்புறம் வெட்டப்பட்டிருக்கும் சுருள் வரிகள் சன்னத்தைச் சுழற்றுகின்றன. 1:10 என்றால் பத்து அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று. சன்னம் நீளமாக நீளமாக, அது தடுமாறாமல் பறக்க இன்னும் வேகமான சுழற்சி வேண்டும். எடை கூடினால் வேகமான சுருள் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் தீர்மானிப்பது நீளம். எடை கூடும்போது நீளமும் கூடுவதால் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது, அவ்வளவுதான்.

1:12 சுருள் உள்ள பழைய .223 ரைபிள் 55 கிறெய்ன் சன்னத்தை அழகாகச் சுடும். அதே ரைபிளில் 69 கிறெய்ன் போட்டால் கடதாசியில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் போல நீண்ட துளை விழும். சன்னம் குறுக்காகப் போயிருக்கிறது என்பது அதன் பொருள். 1:9 அந்த எடையைப் பெரும்பாலும் தாங்கும், 1:8 எண்பது கிறெய்னுக்குச் சற்றுக் குறைந்த எடை வரை தாங்கும். .22-250க்கு வழக்கமான சுருள் 1:14. நரிக்கு அது போதும், பாரமான சன்னத்தை அதில் நினைக்கவே வேண்டாம். .243இல் 1:10 வழக்கம். 100 கிறெய்ன் வேட்டைச் சன்னம் வரை அதில் பிரச்சினை இல்லை, 105 கிறெய்ன் நீளச் சன்னத்துக்கு 1:8 தேடுங்கள்.

முழுச் செம்புச் சன்னம் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஈயத்தை விடச் செம்பு அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடைக்குச் செம்புச் சன்னம் நீளமாக இருக்கும். ஈயச் சன்னத்தோடு ஒழுங்காகச் சுட்ட துவக்கு, எடை மாறாமலே செம்புக்கு மாறியதும் சிதறடிப்பதற்கு இதுதான் காரணம். சுருள் வீதம் பெரும்பாலான புதிய ரைபிள்களில் குழலின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் துப்புரவுக் கோலில் இறுக்கமான துணி சுற்றிக் குழலுக்குள் தள்ளி, கோல் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று அளக்கலாம். கோலின் பிடி தானாகச் சுழலும் வகையாக இருக்க வேண்டும்.

ஒரே சன்னத்தால் இரண்டையும் சுடுவது

துவக்கு ஒன்றாக இருக்கலாம், ரவை இரண்டாக இருக்க வேண்டும். நரிக்கான சன்னத்தின் மேலுறை மெல்லியது, பட்டதும் சிதறும்படி செய்யப்பட்டது. அதை மானின் தோளில் சுட்டால் எலும்பிலேயே சிதறி, அகலமான ஆனால் ஆழமில்லாத காயத்தை உண்டாக்கும். மான் ஓடிவிடும், இரண்டு நாள் கிடந்து சாகும். வேட்டைக்காரர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் இதுதான். மறுபக்கம், மானுக்கென்று கட்டிய கெட்டியான சன்னம் ஐந்து கிலோ நரிக்குள் விரிவதற்கு இடமே இல்லாமல் ஊசித் துளையாக மறுபுறம் போகும். பல நேரம் நரி விழும், சில நேரம் விழாமல் புதருக்குள் போய்விடும்.

இரண்டு ரவை வைத்திருப்பவர்கள் செய்யும் அடுத்த தவறு, ஒன்றுக்குக் குறி சரிபார்த்துவிட்டு மற்றதை அதே குறியில் சுடுவது. 58 கிறெய்ன் சன்னம் நொடிக்கு 3,700 அடிக்கு மேல் போகும், 100 கிறெய்ன் 2,960 அளவில் போகும். நூறு மீற்றரில் இவை சில அங்குலம் தள்ளித் தள்ளி விழலாம். மேலே, கீழே மட்டுமில்லை, பக்கவாட்டிலும் விலகலாம். மானுக்கான ரவைக்குக் குறியை நிலைநிறுத்துங்கள். நரி ரவை அதிலிருந்து எங்கே விழுகிறது என்பதைக் கடதாசியில் அளந்து, அந்த அளவை எழுதி ஸ்டொக்கில் (துவக்கின் பின்கட்டையில்) ஒட்டிவிடுங்கள்.

மூன்று வேட்டு ஒன்றாக விழுந்ததைப் படம் எடுத்து அனுப்பி, துவக்கு துல்லியமானது என்று சொல்லிக்கொள்வதும் வேண்டாம். வேட்டையில் பயன்படுவது ஆறிய குழலிலிருந்து போகும் முதல் வேட்டு. வெவ்வேறு நாட்களில் ஒவ்வொரு முதல் வேட்டையும் ஒரே கடதாசியில் சுட்டு, பத்து சேர்ந்த பிறகு பாருங்கள். அந்தக் கூட்டம்தான் உங்கள் துவக்கின் உண்மையான அளவு.

உடம்புக்குப் பொருந்தாத ஸ்டொக்

தொழிற்சாலையிலிருந்து வரும் ரைபிள்களில் விசையிலிருந்து பின்தட்டு வரை பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும். நம்மவர்களில் பலருக்கு அது நீளம். கை குட்டையானவருக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்று அங்குலம் சரியாக வரும். பின்தட்டுக்குத் தகடு சேர்த்தோ கழற்றியோ நீளம் மாற்றக்கூடிய ரைபிளைக் கேளுங்கள். சோதனை இதுதான்: வெறும் துவக்கு என்று இருமுறை உறுதிசெய்த பின், கண்ணை மூடித் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்துக் கண்ணைத் திறக்கவும். ஸ்கோப்பின் முழு வட்டமும் உடனே தெரிய வேண்டும். தலையை முன்னே நீட்டியோ தூக்கியோதான் தெரிகிறது என்றால் பொருந்தவில்லை. குளிர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டே இதைச் செய்து பாருங்கள். ஒன்ராறியோவின் நவம்பரில் தடித்த உடுப்போடு அரை அங்குலம் கூடிவிடும், கொழும்பு வெக்கையில் பழகிய உடம்புக்கு உடுப்பு இன்னும் இரண்டு அடுக்கு கூடும்.

இடக்கைக்காரர் இடப்பக்க போல்ட்தான் வாங்க வேண்டும். விலை குறைவு என்று வலப்பக்கத்தை வாங்கிப் பழகலாம் என்பது வேண்டாத வேலை.

ஸ்கோப்பில் மிச்சம் பிடிப்பது

பணம் முழுவதையும் ரைபிளில் போட்டு, மிச்சத்தில் ஸ்கோப் வாங்குகிறார்கள். நடுத்தர விலை ரைபிளும் நல்ல ஸ்கோப்பும் எப்போதும் வெல்லும். உருப்பெருக்கம் அதிகம் என்றால் நல்லது என்பதும் பிழை. 40 மில்லிமீற்றர் முன்வில்லையை 9 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.4 மில்லிமீற்றர், 6 மடங்கில் 6.7. நரி வெளியே வரும் அந்திப் பொழுதில் மடங்கைக் குறைத்தால் படம் தெளியும். 3 முதல் 9 மடங்கு வரை மாற்றக்கூடிய 3-9 ஸ்கோப் இந்த வேலைக்குப் போதுமானது. 6-24 வாங்கினால் இருபது மீற்றரில் பன்றி பாயும்போது மயிர் மட்டும்தான் தெரியும்.

துவக்கு சிதறடிக்கிறது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பலவற்றுக்கு நோய் ஸ்கோப் பிடியின் திருகாணிகளில் இருக்கும். கைக்கணக்கில் இறுக்க வேண்டாம். அளவு காட்டும் திருகியால் வளையத் திருகாணிகளை 15 முதல் 18 அங்குல-இறாத்தல் வரை, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கவும். கூடினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். திருகாணித் துளைகளில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், அதைத் துடைத்துவிட்டே மாட்ட வேண்டும்.

பழைய ரைபிளில் பாராமல் விடுவது

போல்ட்டிலுள்ள இலக்கமும் உடலிலுள்ள இலக்கமும் பொருந்துகின்றனவா என்பதை முதலில் பாருங்கள். இலக்கம் பொறிக்கப்படாத மாதிரிகளும் உண்டு. வேறு ரைபிளின் போல்ட் மாட்டப்பட்டிருந்தால் ரவை உட்காரும் இடைவெளி மாறியிருக்கலாம். கோது கிழிந்து வாயு முகத்தை நோக்கி வரும் அபாயம் அது. அடுத்து, வெறும் துவக்கில் போல்ட்டை ஏற்றி, பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு, விசையை இழுத்து விடுங்கள். பிறகு பொத்தானை மட்டும் எடுங்கள். அந்தக் கணத்தில் உள்ளே சொடுக்கென்ற ஒலி கேட்டால் விசைப் பொறி கெட்டிருக்கிறது. குழல் வாயின் விளிம்பில் நகத்தில் தட்டும் கீறல் இருந்தால் துல்லியம் போயிருக்கும், ஆனால் அதை ஒரு துவக்குத் திருத்துநர் சீவிச் சரிசெய்துவிடலாம். மரக் கட்டையில் போல்ட்டுக்குப் பின்னால் ஓடும் மயிரிழை வெடிப்பு அப்படியல்ல. உதைக்கு உதை அது வளரும். இலக்கம் பொருந்தாத போல்ட்டை, விலை என்னவாக இருந்தாலும், இடைவெளிமானி வைத்துத் திருத்துநர் அளந்து எழுதித் தரும் வரை ஒரு ரவைகூட ஏற்றிப் பார்க்க வேண்டாம்.