நைட்ரஸ் கார்புரேட்டர் காரில் பெட்ரோல் லைன்: பிஸ்டனைக் காவு வாங்கும் தவறுகள்

பிஸ்டன் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பக்கத்தில் உருகி வழிந்த அலுமினியம். ஸ்பார்க் பிளக்கின் எர்த் கம்பி இருந்த இடமே தெரியவில்லை. டிராக் ரேஸ் (நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயம்) எஞ்சின் ஒன்றைப் பிரித்து இப்படி மேசையில் பரப்பியதும் பலரும் சொல்வது, "நைட்ரஸ் எஞ்சினைத் தின்றுவிட்டது" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையில்லை. நைட்ரஸ் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதோடு கூட வந்திருக்க வேண்டிய பெட்ரோல்தான் வரவில்லை.

சக்தியைக் கூட்ட எஞ்சினுக்குள் செலுத்தும் நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரிகிற பொருள் அல்ல. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 சதவீதம்தான். சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கிறது. அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற கூடுதல் பெட்ரோலும் அதே நொடியில் உள்ளே இருக்க வேண்டும். கார்புரேட்டருக்கு நைட்ரஸ் வந்ததே தெரியாது. சென்சார் பார்த்துச் சரிசெய்ய அங்கே கம்ப்யூட்டரும் இல்லை. கார்புரேட்டருக்கு அடியில் உட்காரும் பிளேட் ஆனாலும் சரி, ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு நாசில் வைக்கும் ஃபாகர் ஆனாலும் சரி, கூடுதல் பெட்ரோல் தனி சொலினாய்டு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு), தனி ஜெட் (அளவான துளையுள்ள சின்ன முனை) வழியாகத்தான் வருகிறது. அதன் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே: ஜெட்டின் துளை, அதற்குப் பின்னால் இருக்கும் அழுத்தம்.

இந்த இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நைட்ரஸ் பாட்டிலில் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம். பெட்ரோல் பக்கம் வெறும் 6. பாட்டில் பக்கம் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் யாருக்கும் தெரியாது. பெட்ரோல் பக்கம் 1 குறைந்தால் எஞ்சினுக்குத் தெரியும். ஜெட் வழியே போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 6 இருந்த இடத்தில் 5 ஆனால் பெட்ரோல் ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். 4 ஆனால் 18 சதவீதம். நைட்ரஸ் மட்டும் அதே வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். லீன் ஆகிவிட்ட, அதாவது ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாத, அந்தச் சில விநாடிகளில்தான் பிஸ்டன் போகிறது.

நின்றுகொண்டிருக்கும் அழுத்தத்தை நம்புவது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் மூத்தது. காரை நிறுத்தி, பம்பை ஓடவிட்டு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருகி, கேஜ் (அழுத்தமானி) 6 காட்டியதும் "சரி, ஆச்சு" என்று பானட்டை மூடிவிடுவார்கள். அந்த 6 பெட்ரோல் எங்கும் போகாமல் நிற்கும்போது இருக்கும் அழுத்தம். குழாயை மூடி வைத்துவிட்டு ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் நல்ல பிரஷர் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. நமக்கு வேண்டியது குழாய் திறந்திருக்கும்போது உள்ள அழுத்தம்.

அதைப் பார்க்கும் முறை எளிது, கொஞ்சம் பொறுமை வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நைட்ரஸ் பாட்டிலை மூடி, லைனில் இருக்கும் வாயுவை வெளியேற்றி, நைட்ரஸ் சொலினாய்டின் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிளேட்டுக்குப் போகும் பெட்ரோல் ஹோஸைப் பிளேட் பக்கம் கழற்றி, ரேஸில் போடப்போகும் அதே ஜெட்டை அதன் முனையில் மாட்டி, ஒரு உலோகக் கேனுக்குள் விடுங்கள். கேனை காரின் பாடியோடு ஒரு ஒயரால் இணைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இப்போது பம்பை ஆன் செய்தால் கேஜ் 7 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் சொலினாய்டைத் திறந்ததும் ஹோஸிலிருந்து சீறும் சத்தம் வரும், கேஜ் முள் 7-லிருந்து சட்டென்று இறங்கி 4.5-ல் நிற்கும். அந்த 4.5-தான் உங்கள் எஞ்சினுக்குக் கிடைக்கப்போகும் அழுத்தம். பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரைத் திருகி, கிட் தயாரித்தவர் சொன்ன அழுத்தத்துக்கு, பொதுவாக 5.5 முதல் 6.5-க்குள், கொண்டுவாருங்கள். சொலினாய்டு சூடாகும் என்பதால் ஒரேயடியாகத் திறந்து வைக்காமல் சில விநாடிகள் மட்டும் திறந்து திறந்து செய்யுங்கள்.

அப்புறம் ஒரு வேலை: சரியாக 10 விநாடி திறந்து, கேனில் சேர்ந்த பெட்ரோலை எடை போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பருவம் தொடங்கும்போது ஒருமுறை, ஃபில்டரோ பம்போ மாற்றினால் ஒருமுறை இதையே செய்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். எடை குறைந்திருந்தால் எங்கோ ஏதோ அடைக்கிறது. கேஜ் பொய் சொல்லலாம், தராசு சொல்லாது. பெட்ரோல் லைனில் திரவம் நிரப்பிய கேஜை வைத்தவர்கள் இதை மறக்கவே கூடாது. எஞ்சின் சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து, குறைந்த அழுத்தங்களில் முள் தவறான இடத்தில் நிற்கும்.

கிளம்பும் நொடியை மறப்பது

நின்ற இடத்தில் எல்லாம் சரியாக வந்த பிறகும் கார் கிளம்பும் நொடியில் கதை மாறும். டிராக் காரில் டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். நடுவில் சுமார் 3 மீட்டர் ஹோஸ், அது நிறையப் பெட்ரோல். கார் முன்னோக்கிப் பாயும்போது அந்தப் பெட்ரோல் பின்னோக்கித் தள்ளுகிறது. கணக்குப் போட்டால், 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) முடுக்கத்தில் 3 மீட்டர் லைனில் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. போய்விடுகிறது. முதல் 60 அடியை 1.3 விநாடியில் கடக்கும் கார் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 2 ஜி இழுக்கிறது. அப்படியானால் 6 பி.எஸ்.ஐ.-க்கும் மேல் நஷ்டம். பின்னால் இருக்கும் பம்ப் 7 பி.எஸ்.ஐ. மட்டுமே தரக்கூடியது என்றால், முன்னால் இருக்கும் ரெகுலேட்டருக்கு வந்து சேர்வது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். நைட்ரஸ் அடிப்பதும் அதே நொடிதான்.

இதற்கு வழி, பின்னால் 14, 15 பி.எஸ்.ஐ. தரும் பம்பை வைத்து, ரெகுலேட்டரை எஞ்சினுக்குப் பக்கத்தில், சொலினாய்டுக்கு முடிந்தவரை அருகில் வைப்பது. 15-ல் 6 போனாலும் ரெகுலேட்டரின் வாசலில் 9 மிஞ்சும், அது 6 ஆக்கிக் கொடுக்கும். வசதிக்காக ரெகுலேட்டரையும் டேங்க் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அழுத்தம் அதற்குப் பிறகு குறைகிறது, சரிசெய்ய அங்கே யாரும் இல்லை. டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சும் வாயும் பின்பக்க மூலையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பாயும்போது பெட்ரோல் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும்.

பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து பம்ப் வாங்குவது

பம்ப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது எதிர்ப்பே இல்லாமல், சும்மா வழியவிட்டால் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு. ஹாலி நிறுவனத்தின் நீலப் பம்ப் அப்படி மணிக்கு 110 கேலன் தள்ளும். 9 பி.எஸ்.ஐ. எதிர்த்து நிற்கும்போது அது 88 கேலன் ஆகிவிடுகிறது. நமக்கு வேண்டிய எண் இரண்டாவதுதான். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.1 கேலன் என்பது பழைய, பத்திரமான கணக்கு. 500 குதிரைத்திறன் எஞ்சினில் 200 குதிரைத்திறன் நைட்ரஸ் போட்டால் மொத்தம் 700, ஆகவே 70 கேலன், அதாவது மணிக்கு சுமார் 265 லிட்டர், வேலை செய்யும் அழுத்தத்தில்.

இங்கே பலரும் தவறவிடுவது மின்சாரம். எடை குறைக்க ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்ட கார்கள் நிறைய. கராஜில் சார்ஜரை மாட்டிக்கொண்டு 14 வோல்ட்டில் பம்பை ஓட்டி அழுத்தம் வைத்தீர்கள். ஓட்டத்தின் கடைசியில் பேட்டரி 12-க்கு இறங்கியிருக்கும். பம்ப் மெதுவாகும், பெட்ரோலும் குறையும். காரில் உண்மையில் இருக்கப்போகும் வோல்டேஜிலேயே சோதியுங்கள். அளப்பதையும் பேட்டரி முனையில் அளக்காமல், பம்ப் ஓடும்போது பம்பின் முனையில் அளங்கள். பொடி ஒயரும் துருப்பிடித்த எர்த்தும் 1 வோல்ட்டைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். ரிலே வைத்து, தடித்த ஒயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுப்பதே சரி.

கார்புரேட்டரின் பங்கிலிருந்து பிடுங்குவது

கார்புரேட்டருக்குப் போகும் லைனில் ஒரு டீ (T வடிவக் கிளை இணைப்பு) போட்டு நைட்ரஸ் சொலினாய்டுக்கும் எடுத்துக்கொள்வது, 100, 125 குதிரைத்திறன் பிளேட்டுக்கு, லைன் நன்றாக இருந்தால் ஓடும். அதற்கு மேல் போனால் வேண்டாம் என்பதே என் கருத்து. சொலினாய்டு திறந்த கணத்தில் அழுத்தம் சரிய, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் பவுல்களிலும் மட்டம் இறங்கத் தொடங்கும். எஞ்சின் இரண்டு வழியிலும் லீன் ஆகும். தனி ரெகுலேட்டர், முடிந்தால் தனி லைன், இன்னும் பெரிய ஷாட் (நைட்ரஸ் கூட்டும் குதிரைத்திறன்) என்றால் தனிப் பம்பும் சின்னத் தனி டேங்கும். தனி டேங்கில் நைட்ரஸுக்கு மட்டும் உயர் ஆக்டேன் ரேஸ் பெட்ரோல் ஊற்றலாம் என்பது கூடுதல் லாபம். ஆனால் பெட்ரோலை மாற்றினால் அடர்த்தியும் மாறும், ஓட்ட அளவையும் மறுபடி பார்க்க வேண்டும்.

சொலினாய்டிலிருந்து பிளேட் வரை போகும் ஹோஸின் நீளத்தையும் கவனியுங்கள். 950 பி.எஸ்.ஐ.-யில் வரும் நைட்ரஸ் தன் ஹோஸை இமைக்கும் நேரத்தில் நிரப்பிவிடும். 6 பி.எஸ்.ஐ.-யில் வரும் பெட்ரோல் காலியான ஹோஸை நிரப்ப நேரம் எடுக்கும். பெட்ரோல் ஹோஸ் நீளமாக இருந்தால் முதல் அடி எப்போதும் லீன். பெட்ரோல் சொலினாய்டை பிளேட்டுக்கு ஒட்டி வையுங்கள், நீளமாகப் போக வேண்டியது நைட்ரஸ் ஹோஸாக இருக்கட்டும்.

சின்னச் சின்ன அடைப்புகள்

டேங்க் மூடிக்குக் காற்று வழி இல்லாவிட்டால் பம்ப் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்கும். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் அளவுக்குப் பெருந்துளை ஃபில்டர், நுண்ணியது பம்புக்குப் பின்னால். இதை மாற்றிப் போட்டால் பம்ப் பட்டினி கிடக்கும். பிட்டிங்குகளில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அதன் ஒரு நூல் பிய்ந்து ஜெட்டில் உட்கார்ந்தால் போதும், ஒரு பிஸ்டன் கணக்கு முடிந்தது. திரவ சீலன்ட் பூசுங்கள். குறுகலான 90 டிகிரி வளைவுகளைக் குறையுங்கள். ஃப்ளைவீல் பக்கமாக லைன் போவதைத் தவிருங்கள், தவிர்க்க முடியாவிட்டால் தடித்த ஸ்டீல் குழாய்க்குள் விடுங்கள்.

பாதுகாப்பு சுவிட்சைக் குறை சொல்வது

பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதை ரெகுலேட்டருக்கும் சொலினாய்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். ரெகுலேட்டருக்கு முன்னால் வைத்தால் அது பம்பின் நலத்தைத்தான் விசாரிக்கும். ஓடும் அழுத்தம் 6 என்றால் 5-க்குக் கீழே போனதும் துண்டிக்கும்படி வைப்பது நல்லது. கிளம்பியதும் நைட்ரஸ் விட்டுவிட்டு வருகிறது என்று சலித்துக்கொண்டு, அந்த சுவிட்சை 3-க்கு இறக்குகிறவர்களையும் ஒயரை நேராக இணைத்துவிடுகிறவர்களையும் பார்க்கலாம். எனக்கு உண்மையில் மனம் பதறும் இடம் இது. சுவிட்ச் கெட்டுப்போகவில்லை. கிளம்பும் நொடியில் பெட்ரோல் வரவில்லை என்று அது கத்திச் சொல்கிறது. போய்ப் பார்க்க வேண்டியது பம்பையும் லைனையும்.

பெட்ரோலைச் சரிசெய்துவிட்டு பாட்டிலை மறப்பது

950-ல் ட்யூன் செய்த கார் வெயிலில் நின்று பாட்டில் 1100 ஆனால் நைட்ரஸ் 7, 8 சதவீதம் கூடும். பெட்ரோல் அப்படியே இருக்கும். விளைவு மறுபடி லீன். பிரஷர் சுவிட்ச் உள்ள ஹீட்டரை வைத்து, ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரே பாட்டில் அழுத்தத்தில் தொடங்குங்கள். வெயிலில் ஏறிவிட்டால் ஈரத்துணி சுற்றி இறக்குங்கள். பாட்டிலைத் தீயில் காட்டிச் சூடேற்றவே கூடாது. அது வெடிக்கும்.

ஜெட் மாற்றும்போது எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜெட் எண் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் துளையின் விட்டம். 52-லிருந்து 54-க்குப் போவது இரண்டு எண்தான், ஆனால் பரப்பில் கிட்டத்தட்ட 8 சதவீதம். தொடக்கத்தில் ரிச்சாக (பெட்ரோல் சற்று அதிகமாக) வைத்து, ஒரு படி ஒரு படியாக இறங்குங்கள். ரிச் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. மானிஃபோல்டின் தரையில் தேங்கிய பெட்ரோல் தீப்பிடித்தால் கார்புரேட்டரையே தூக்கி எறியும். அதனால்தான் குறைந்த ஆர்.பி.எம்.-மில் நைட்ரஸ் அடிக்கக்கூடாது. 3000-க்கு மேல், த்ராட்டில் முழுவதும் திறந்திருந்தால் மட்டும்.

முதல் ஓட்டம் முடிந்து திரும்பியதும் டைம் ஸ்லிப்பை (ஓட்ட நேரச் சீட்டை) பார்க்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானில் பளபளக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். டேட்டா லாகர் (ஓட்டத்தின் அளவுகளைப் பதிவுசெய்யும் கருவி) இருந்தால் பெட்ரோல் அழுத்தத்தின் கோட்டில் முதல் ஒரு விநாடியை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு அங்கே பள்ளத்தில் விழுந்திருந்தால், அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நிற்காமல் காரை டிரெய்லருக்கே கொண்டுபோய் லைனைத் திறங்கள்.