டவுனில் சாமான் இறக்கப் போகிறீர்களா?

வவுனியா, கிளிநொச்சி கடைகளுக்குப் பட்டா என்ற சின்ன லொறியிலோ பெரிய லொறியிலோ சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு விஷயம். இரண்டு நகரங்களையும் ஊடறுத்துப் போவது ஏ9 வீதி. யாழ்ப்பாண பஸ்ஸும் கொழும்பு லொறியும் அதே வீதியில்தான்.

வாகனத்தைத் தரித்து வைக்கத் தடை என்பது ஒன்று. நிறுத்தவே தடை என்பது வேறு. இரண்டாவது உள்ள இடத்தில் ஒரு பெட்டி இறக்கக்கூட நிற்க முடியாது. இரண்டு பக்க சிக்னலையும் போட்டுவிட்டால் சரி என்று சிலர் நினைக்கிறார்கள், அது அனுமதி இல்லை. சந்தி, பாதசாரிக் கடவை, பஸ் தரிப்பிடம் பக்கம் போகவே வேண்டாம்.

பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்கும், 1.30க்கு விடும். அந்த நேரங்களைத் தவிருங்கள். பின் கதவைத் திறந்துபோட்டு சீனி மூட்டையைத் தோளில் ஏற்றும்போது, சைக்கிளில் வரும் பிள்ளை உங்களை விலத்தி நடு வீதிக்குத்தான் போகவேண்டும்.

கடைக்காரருக்கு முன்கூட்டியே கோல் எடுத்து, பின் ஒழுங்கையால் இறக்கலாமா என்று கேளுங்கள். அப்புறம், முதல் கடையின் சாமானைக் கடைசியாக ஏற்றுங்கள். கதவைத் திறந்ததும் கைக்கு வரும்.