நடுவர் இல்லாத ஆட்டம்

யாழ்ப்பாணத்து இளையோருக்கு கிரிக்கெட் அலுத்துவிட்டதா? எறிந்து பிடிக்கும் 175 கிராம் பிரிஸ்பித் தட்டு ஒன்று வாங்குங்கள். அதை வைத்து ஆடும் ‘அல்டிமேட்’ ஆட்டத்தில் அணிக்கு 7 பேர். தட்டுடன் ஓடக்கூடாது, எறிந்துதான் முன்னேற வேண்டும்.

நடுவரே இல்லை. இடிபட்டவர்தான் ‘ஃபவுல்’ என்று சொல்லவேண்டும். இடித்தவர் மறுத்தால் பேசித் தீர்க்கவேண்டும். முடியாவிட்டால் தட்டு எறிந்தவரிடமே திரும்பும். முதல் வாரம் சத்தம்தான் மிஞ்சும், பரவாயில்லை. பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

தட்டைப் பிடிக்கும்போது பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் அடியில். எறியும்போது தோளை வீசாமல் மணிக்கட்டைச் சுண்டுங்கள். எறியத் தெரிந்த ஒருவரோடு புதியவர் ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். சோளகக் காற்று வீசும் காலத்தில் முற்றவெளி மைதானத்துக்கு விடியவே போய்விடுங்கள். காற்று எழும்பினால் தட்டு பட்டமாகிவிடும்.