ஒரே பெட்டியோடு செத்துப்போன லிம்பெட்டுகள்

2014-இல் வந்த எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில், உடைந்த கப்பல்களைச் சுற்றி மிதக்கும் சரக்கைப் பொறுக்கி விற்பதுதான் என் பிழைப்பு. பொறுக்கிவர லிம்பெட் என்ற குட்டி ட்ரோன்கள் உண்டு. எனக்கு மட்டும் ஒவ்வொன்றும் ஒரே பெட்டியைக் கொண்டுவந்து போட்டதும் உயிரை விட்டுவிடும். 16 வாங்கிப் போனால் 16 பெட்டிதான். லிம்பெட்டுகளை ஏவும் கருவியான லிம்பெட் கன்ட்ரோலரை மாற்றிப் பார்த்தேன். காசு போனதுதான் மிச்சம்.

கடைசியில் பார்த்தால் தப்பு என் விரலில். பெட்டியை டார்கெட் செய்துவிட்டு ஏவினால், லிம்பெட் அதை மட்டும் எடுத்துவந்து முடிந்துவிடும். எதையும் டார்கெட் செய்யாமல் ஏவினால், ஆயுள் தீரும்வரை தானே தேடித்தேடி அள்ளிவரும். சரக்குக் கதவு மட்டும் திறந்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, ஏவாத லிம்பெட் ஒவ்வொன்றும் 1 டன் இடத்தை அடைத்துக்கொள்ளும். இப்போதெல்லாம் ஆறு லிம்பெட்டோடுதான் கிளம்புகிறேன்.