எடைகுறைப்பு ஊசியும் கஞ்சி பயறும்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் செமாகுளூட்டைடு என்ற எடைகுறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. கொஞ்சம் சாப்பிட்டாலே குமட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். பழம்பொரியும் பொரித்த மீனும் தொல்லையைக் கூட்டும். டோஸ் ஏற்றும் வாரங்களிலாவது தொடாதீர்கள்.

நம் வீட்டுக் கஞ்சியும் சிறுபயறும் இதற்கு அருமையானவை. நீர், புரதம், நார்ச்சத்து மூன்றும் கிடைத்துவிடுகின்றன. பயறை ஊறவைத்துக் குழைய வேகவையுங்கள், தேங்காயைக் குறையுங்கள். சிறு கிண்ணத்தில் மெதுவாகச் சாப்பிட்டு, வயிறு நிறையும் முன்பே எழுந்துவிடுங்கள். பசியில்லை என்று பட்டினி கிடந்தால் தசையும் கரையும். அவித்த முட்டையோ எண்ணெய் குறைத்த மீன்கறியோ தினமும் இருக்கட்டும். இடையிடையே சீரகத் தண்ணீர்.

விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி என்றால் கைமருந்து வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.