சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறீர்களா? கட்டுப்படியாகும் விலையில் அறை பிடிக்கும் வழி

சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் மைதானத்தில் ஏறக்குறைய 38,000 பேர் உட்காரலாம். சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடுகிற நாளில் அத்தனை இருக்கையும் நிறைந்துவிடும். மதுரை, கோவை, சேலம், நெல்லை என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் அறை தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் மைதானத்தைச் சுற்றியுள்ள அறைகளின் வாடகை ஏறியிருக்கும், அல்லது ஆப்பைத் திறந்தால் ‘அறை இல்லை’ என்று வரும். உண்மையில் சென்னையில் அறைக்குப் பஞ்சம் கிடையாது. எல்லோரும் ஒரே நாளில், ஒரே இரண்டு கிலோமீட்டருக்குள் தேடுவதால் வருகிற தட்டுப்பாடு இது. அந்த நாளையும் அந்த வட்டத்தையும் விட்டு வெளியே வந்தால் போதும்.

படி 1: அறை தேவையா என்று முதலில் பாருங்கள்

மாலைப் போட்டி 7.30-க்குத் தொடங்கும்; முடிய இரவு 11 மணியைத் தாண்டும். பிற்பகல் போட்டி 3.30-க்குத் தொடங்கி 7.30 வாக்கில் முடிந்துவிடும். உங்களுடையது பிற்பகல் போட்டி என்றால் அறையே வேண்டாம். மதுரைக்குப் பாண்டியன், திருச்சிக்கு மலைக்கோட்டை போன்ற இரவு ரயில்கள் 9.30-க்குப் பிறகுதான் கிளம்புகின்றன. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய் ஏறலாம். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். தவறவிட்டால் தட்கல்: பயணத்துக்கு முந்தைய நாள் காலை ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. எழும்பூரில் சீரமைப்பு வேலை நடக்கும் காலத்தில் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்தோ கடற்கரை நிலையத்திலிருந்தோ புறப்படுவதுண்டு. டிக்கெட்டில் புறப்படும் நிலையத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலைப் போட்டிக்கு வந்துவிட்டு நள்ளிரவு ரயிலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அரை மணி மழை, ஒரு சூப்பர் ஓவர், வாசலில் நெரிசல், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலே ரயில் போய்விடும்.

அறை எடுக்காதவர்களுக்குப் பையை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். மைதானத்துக்குள் பைகளை அனுமதிப்பதில்லை, வாசலில் வைத்துவிட்டுப் போகவும் இடம் கிடையாது. சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களின் க்ளோக் ரூமில் வைக்கலாம். ரயில் டிக்கெட் காட்ட வேண்டும், பையில் பூட்டு இருக்க வேண்டும். பூட்டில்லாத பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஊரிலிருந்தே ஒரு சின்னப் பூட்டு எடுத்து வாருங்கள்.

படி 2: டிக்கெட்டுக்கு முன்பே அறையைப் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் தலைகீழாகச் செய்வது இதைத்தான். போட்டி அட்டவணை வாரக்கணக்கில் முன்பே வந்துவிடுகிறது. டிக்கெட் விற்பனை போட்டிக்குச் சில நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அறைகள் சாதாரண விலையில் கிடக்கின்றன. வாங்கிய டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது, அறையை ரத்து செய்யலாம். அதனால் அட்டவணை வந்த அன்றே, இலவச ரத்து வசதி உள்ள அறையாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள். டிக்கெட் கிடைத்தால் வையுங்கள், கிடைக்காவிட்டால் ரத்து செய்யுங்கள்.

‘இலவச ரத்து’ என்று பச்சை எழுத்தில் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அதன் கீழே எந்தத் தேதி, எத்தனை மணி வரை என்று இருக்கும். 24 மணி நேரத்துக்கு முன் என்று இருக்கலாம், மூன்று நாட்களுக்கு முன் என்றும் இருக்கலாம். அந்த நேரத்தைப் போனில் அலாரமாக வையுங்கள். அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்பாத அறை சில நூறு ரூபாய் குறைவாகத் தெரியும். போட்டிக்காக வருபவர் அதை எடுக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 2025 மே 9 அன்று ஐ.பி.எல். தொடர் இடையிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. மே 12 அன்று சேப்பாக்கத்தில் நடக்கவிருந்த சென்னை – ராஜஸ்தான் போட்டி பிறகு மே 20 அன்று டெல்லியில் நடந்தது. டிக்கெட் பணம் திரும்பினாலும், பணம் திரும்பாத அறைக்குக் கட்டியது கட்டியதுதான்.

இறுதிப் போட்டி என்றால் இன்னொரு கவனமும் தேவை. 2023 இறுதிப் போட்டி மே 28 அன்று அகமதாபாத்தில் நடக்க வேண்டியது. மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், 30-ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணியைத் தாண்டித்தான் சென்னை கோப்பையை வென்றது. ஒரே இரவுக்குத் திட்டமிட்டு வந்த ரசிகர்கள் பலர் மஞ்சள் ஜெர்சியோடு அகமதாபாத் ரயில் நிலையத்தில் படுத்துக் கிடந்தார்கள். மாற்று நாள் உள்ள போட்டிக்கு இரண்டு இரவுகள் போடுங்கள். இரண்டாவது இரவைத் தனிப் பதிவாகப் போட்டால், தேவையில்லாதபோது அதை மட்டும் கெடுவுக்குள் ரத்து செய்யலாம்.

படி 3: மைதானத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், மெட்ரோ நிலையத்தை வைத்துத் தேடுங்கள்

தேடும் பெட்டியில் ‘சேப்பாக்கம் மைதானம் அருகில்’ என்று போட்டால் மற்ற எல்லோரும் பார்க்கிற அதே பட்டியல்தான் உங்களுக்கும் வரும். அதற்குப் பதிலாக அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பது அது. அந்த நீல வழித்தடத்தில் ஒரே ரயிலில் போய்ச் சேரக்கூடிய இடங்கள்: வடக்கே மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தெற்கே தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, சின்னமலை, கிண்டி, மீனம்பாக்கம். சென்ட்ரலில் ஒருமுறை மாறினால் பச்சை வழித்தடத்தில் எழும்பூர், கோயம்பேடு, அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர்.

மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு வழிக் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. மைதானத்தை ஒட்டிய அறைக்கும் கோயம்பேடு அறைக்கும் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தால் தாராளமாகக் கோயம்பேடு போகலாம். அங்கே பேருந்து நிலையத்தை நம்பிக் கட்டப்பட்ட லாட்ஜுகள் ஏராளம். தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறிய பிறகு அங்கே முன்பு இருந்த கூட்டமும் இல்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைதானத்துக்கு மிக அருகில், மிகக் குறைந்த வாடகையில் கிடைப்பவை இவைதான். பெரிய தெரு, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை, அவற்றின் சந்துகள் என்று வரிசையாக இருக்கும். மாத வாடகைக்கு ஆண்கள் தங்குவதற்காக ஏற்பட்டவை. சிலவற்றில் நாள் வாடகைக்கும் தருவார்கள். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் சட்டை மாட்ட ஓர் ஆணி, தாழ்வாரக் கோடியில் பொதுக் குளியலறை என்ற அளவில் எதிர்பாருங்கள். பல மேன்ஷன்கள் ஆப்களில் இருக்காது. போன் செய்தோ நேரில் போயோதான் கேட்க வேண்டும். பெண்களுக்கும் குடும்பத்துக்கும் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

குடும்பத்தோடு வருபவர்கள் எழும்பூர் கென்னட் லேன், பெரியமேடு, சென்ட்ரல் பக்கம் வால்டாக்ஸ் சாலை லாட்ஜுகளைப் பாருங்கள். தனியாக வரும் பெண்களுக்கு, தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகளில் குறுகிய நாட்கள் தங்கும் வசதி உண்டு. தாம்பரத்தில் ஒன்று இருக்கிறது. எந்த மகளிர் விடுதியானாலும் இரவு எத்தனை மணிக்குக் கதவை மூடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். பத்து மணிக்குக் கதவடைக்கும் இடம், போட்டி முடிந்து நள்ளிரவில் வருபவருக்கு உதவாது.

ரயில் நிலைய ஓய்வறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்ட்ரலிலும் எழும்பூரிலும் இருக்கிறது. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் உங்கள் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். டிக்கெட் உறுதியானதாகவோ ஆர்.ஏ.சி.யாகவோ இருக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் இருந்தால் கிடைக்காது. நீங்கள் இறங்கும் அல்லது ஏறும் நிலையத்தில்தான் எடுக்க முடியும். அறைகள் குறைவு என்பதால் ரயில் டிக்கெட் போட்ட கையோடு இதையும் போடுங்கள்.

படி 4: அறை வாடகையை அல்ல, ஆளுக்கு ஆகும் மொத்தச் செலவைப் பாருங்கள்

ஆப்பின் முதல் பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் வரி சேராத தொகை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். ஆப் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. கடைசிப் பக்கம் வரை போய், பணம் கட்டும் இடத்தில் தெரியும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, மைதானத்தருகே இருவர் தங்கும் அறை வரியோடு 4,200 என்றால் ஆளுக்கு 2,100. வடபழனியில் மூவர் தங்கும் அறை கூடுதல் மெத்தையும் வரியும் சேர்த்து 2,400 என்றால் ஆளுக்கு 800. மெட்ரோ போக வர அதிகபட்சம் 100 சேர்த்தால் 900. கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு என்று முன்பே கேட்காவிட்டால் இந்தக் கணக்கு வரவேற்பறையில் மாறிவிடும்.

அடுத்தது நேரம். சில லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு. மாலை 4 மணிக்கு உள்ளே போனால் மறுநாள் மாலை 4 வரை உங்களுடையது. வேறு சில இடங்களில் பகல் 12-க்குத்தான் அறை தருவார்கள், மறுநாள் 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இரவு ரயிலில் வந்து காலை 6 மணிக்குக் கதவைத் தட்டினால் அரை நாளோ முழு நாளோ கூடுதலாகக் கேட்பார்கள். காலையில் வந்து சேருபவர் 24 மணி நேரக் கணக்கு உள்ள லாட்ஜைத் தேடுங்கள். அல்லது நிலையத்திலேயே குளித்து, பையை க்ளோக் ரூமில் வைத்துவிட்டு மதியம் அறைக்குப் போங்கள்.

படி 5: பதிவு செய்த பிறகு போன் செய்யுங்கள்

‘லாட்ஜில் பணம் கட்டலாம்’ என்று போட்ட பதிவுகள்தான் அதிகம் கைவிடப்படுகின்றன. போட்டி நாளில் நேரில் வருபவர் இரட்டிப்பு வாடகை தரத் தயாராக இருக்கும்போது, பணம் கட்டாத உங்கள் பதிவு கீழே போய்விடும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பும், முந்தைய நாளும் அழைத்து, பதிவு எண்ணையும் வந்து சேரும் நேரத்தையும் சொல்லுங்கள்.

“அண்ணா, சனிக்கிழமை என் பேர்ல ஒரு ரூம் போட்டிருக்கேன், மூணு பேர். மேட்ச் முடிஞ்சு வர நைட்டு பன்னெண்டு மணி ஆகும், கேட் திறந்திருக்குமா? எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு? இதையே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா போட்டுடுங்க” என்று கேட்டால் போதும். எழுத்தில் வந்த பதில் இருந்தால் வாசலில் வாக்குவாதம் பாதி குறையும். தங்கும் எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் வேண்டும். சென்னை முகவரி உள்ள ஆதாரை ஏற்காத லாட்ஜுகளும் உண்டு. உங்கள் குழுவில் உள்ளூர்க்காரர் இருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள்.

முன்பணம் கேட்டு யு.பி.ஐ. எண் அனுப்பினால், பணம் போகும் இடத்தில் லாட்ஜ் பெயர் வருகிறதா, தனிநபர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேப்பில் போலி போன் எண்ணை ஏற்றிவைத்து ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். லாட்ஜின் எண்ணை இரண்டு இடங்களில் சரிபாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

படி 6: எல்லாம் தீர்ந்த பிறகு தேடுகிறீர்களா?

அப்போதும் வழி இருக்கிறது. டிக்கெட் விற்றுத் தீர்ந்த மறுநாளிலிருந்து, டிக்கெட் கிடைக்காதவர்கள் அறைகளை ரத்து செய்யத் தொடங்குவார்கள். இலவச ரத்துக் கெடு முடியும் நேரத்தில், அதாவது போட்டிக்கு மூன்று நாள் முன்பிலிருந்து முந்தைய நாள் வரை, அறைகள் மறுபடி சந்தைக்கு வரும். காலையும் இரவும் ஒருமுறை பாருங்கள். கையில் விலை அதிகமான அறை இருந்தாலும் இதைச் செய்யலாம்: புதியது உறுதியான பிறகு பழையதை ரத்து செய்யுங்கள், முன்பாக அல்ல.

அதுவும் கிடைக்காவிட்டால் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் பாருங்கள். கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறப் போகிறவர்களுக்கு இது உண்மையிலேயே வசதி. மறுநாள் காலை பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கும்.

படி 7: இரவு திரும்பும் வழியை மாலையிலேயே முடிவு செய்யுங்கள்

போட்டி நாட்களில் மெட்ரோ கூடுதல் நேரம் ஓடுவதுண்டு. சில சீசன்களில் போட்டி டிக்கெட்டைக் காட்டியே இலவசமாகப் பயணிக்கவும் விட்டிருக்கிறார்கள். அந்தந்தப் போட்டிக்கு அறிவிப்பு தனியாக வரும் என்பதால், கடைசி ரயில் நேரத்தை அன்று காலை மெட்ரோ நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். பச்சை வழித்தடத்தில் தங்குபவர்கள் சென்ட்ரலில் மாறும் ரயிலின் நேரத்தையும் பார்க்க வேண்டும். தாம்பரம் போகிறவர்கள் நீல வழித்தடத்தில் கிண்டியில் இறங்கிப் புறநகர் ரயிலைப் பிடிக்கலாம். புறநகர் ரயில் நள்ளிரவையொட்டி நின்றுவிடும். அதனால் கடைசி ஓவர் வரை உட்காரப் போகிறீர்கள் என்றால் அங்கிருந்து ஆட்டோவுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

வாலாஜா சாலையிலும் பெல்ஸ் ரோட்டிலும் நின்றுகொண்டு ஆப்பில் ஆட்டோ போட்டால் கட்டணமும் கூடுதலாக இருக்கும், வண்டியும் நெரிசலைத் தாண்டி உள்ளே வராது. அண்ணா சாலை வரை நடந்து போய் அங்கிருந்து போடுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் ஆட்டோக்காரரிடம் சொல்ல வசதியாக, லாட்ஜ் பெயர், தெரு, பக்கத்து அடையாளம் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.